ஓ.ஐ.சி. நானாவின் ஐந்து ஸ்பேனர்கள்

நீதிமன்றம், கோயில், பெண்டாட்டி என்று மூன்று இடத்திலும் பொய் சொல்லித் தப்பித்தவன் நான். என்னிடமிருந்து உண்மையைக் கறந்த ஒரே மனிதர் ஒரு மெக்கானிக். இந்த நாட்டில் விசாரணைக் கமிஷன் வைப்பதெல்லாம் வெட்டி வேலை. ஆளை அவரிடம் அனுப்பினால் போதும், பிளேன்டீ ஆறுவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிடும்.

அவர் சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ஊரார் ஓ.ஐ.சி. நானா என்பார்கள்; நானா என்றால் முஸ்லிம் பேச்சில் அண்ணன். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியின் பட்டத்தை ஒரு மெக்கானிக்குக் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. பழுதாகி வரும் வண்டியை அவர் பார்க்க மாட்டார். ஓட்டி வந்தவனைத்தான் பார்ப்பார்.

என் தம்பிக்கு ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். பதினொன்றரைக்கு முகூர்த்தம். தாலி என் சட்டைப் பையில் இருந்தது. மற்றவர்களிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள் என்று நானேதான் வாங்கி வைத்துக்கொண்டேன். நானும் மனைவியும் மாலைகளும் வேனில் போனோம். தெல்தெனியவைத் தாண்டி மேடு ஏறும்போது, ஒன்பது மணிக்கு வேன் இருமியது, குலுங்கியது, நின்றது.

நின்ற இடமும் ஒரு ஊர்தான். யாரும் அந்த ஊருக்கென்று போவதில்லை, வண்டி நின்றால் நிற்பார்கள், அவ்வளவுதான். பாதிக் கடைகளில் பூட்டு, பூட்டுகளில் துரு. பழைய சினிமாக் கொட்டகையில் ஆடு கட்டியிருந்தார்கள். பஸ் நிலையத்தில் பஸ்ஸைத் தவிர எல்லாம் நின்றது. உயிரோடு இருந்தது நானாவின் கராஜ் ஒன்றுதான். எங்கள் வேனைத் தள்ளிக்கொண்டு போகும்போதே ஊரில் மிச்சமிருந்த ஏழெட்டுப் பேரும் பின்னால் வந்தார்கள். உதவிக்கு என்று நினைத்தேன். வந்தது வேடிக்கை பார்க்க.

நானா என்னைப் பழைய பஸ் சீட் ஒன்றில் உட்கார வைத்து, பிளேன்டீ கொடுத்தார். என் முன்னால் ஐந்து ஸ்பேனர்களை வரிசையாக வைத்தார்.

"பொய் ஒன்டு சென்னா ஒரு ஸ்பேனர் பெட்டிக்குள்ள போகும். அஞ்சும் போனா நான் வீட்டுக்குப் போவேன். செல்லுங்க தம்பி, டீசல் எங்க அடிச்ச?"

"கண்டியில நானா. நேத்து."

ஒரு ஸ்பேனர் பெட்டிக்குள் போனது.

கண்டுபிடித்துவிட்டார். அது பொய்தான். டீசல் தட்டுப்பாட்டுக் காலத்தில் இரண்டு நாள் வரிசையில் நின்று பிடித்த ஒரு கேன் டீசல் என்னிடம் இருந்தது. வீடு நாறுகிறது, கொட்டுங்கள் என்று மனைவி கத்தினாள். கொட்டிவிட்டேன் என்று சொல்லி, குளியலறைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அன்று காலை அவள் சேலை கட்டும் நேரத்தில் அதைத்தான் வேனுக்குள் ஊற்றினேன். இப்போது அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எப்படிச் சொல்வது?

"என்ஜின் ஒயில் எப்ப மாத்தின?"

"போன மாசம்."

இரண்டாவது போனது.

"யோவ், நீங்க மெக்கானிக்கா பொலிஸா? வண்டியத் திறந்து பாருங்க!"

"ஏசுறது பொய் இல்ல. அதுக்கு ஸ்பேனர் போகாது. நல்லா ஏசுங்க. நிக்க முந்தி வண்டி இருமிச்சா?"

"இல்ல."

"இருமிச்சுங்க," என்றாள் மனைவி. "தெல்தெனியவுல இருந்தே இருமிக்கிட்டுத்தான் வந்துச்சு."

மூன்று.

வேறு வண்டி பிடிக்கலாம் என்று எழுந்தேன். அடுத்த பஸ் பன்னிரண்டு மணிக்கு. ஊரின் ஒரே ஆட்டோ கராஜுக்குள்ளேயே நின்றது. அதன் டிரைவர் கூட்டத்தில் நின்று பல்லைக் குத்திக்கொண்டிருந்தான்.

"என் வண்டி வந்து மூனு நாளு சார். நான் இன்னும் ஒத்துக்கல."

வெற்றிலைக் கடைக்காரர் என் தோளைத் தட்டி, "அத்த கியன்ன மாத்தயா, உண்மையச் சொல்லுங்க," என்று சிங்களம், தமிழ் இரண்டிலும் கெஞ்சினார். ஒரு மந்திரியின் ஜீப் வந்த கதையையும் அவர்தான் சொன்னார். நானா அதைப் பார்த்ததுமே, "எனக்கு வயசாகிட்டு, அவ்வளவு காலம் உசிரோட ஈக்க மாட்டேன்," என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

போன் அடித்தது. தம்பி.

"அண்ணே, எங்க இருக்கீங்க? ஐயர் தாலி எங்கன்னு கேக்குறாரு. பொண்ணோட மாமா மொறைக்கிறாரு."

"இந்தா வந்துட்டோம்டா. கோயில் கோபுரம் தெரியுது."

நானா நான்காவது ஸ்பேனரை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்.

"அது உங்ககிட்ட சொல்லலியே!"

"போன்ல சென்னாலும் பொய் பொய்தான்."

மணி பத்து. ஒற்றை ஸ்பேனர் என்னைப் பார்த்தது. சட்டைப் பையில் தாலி கனத்தது. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"பழைய கேன் டீசல் ஊத்தினேன். கொட்டல. குளியலறைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தேன். மழைத் தண்ணியும் போயிருக்கும். ஒயில் மாத்தி ஒரு வருசமாச்சு. போதுமா?"

கூட்டம் கை தட்டியது. ஆட்டோக்காரனுக்கு என்ன வந்ததோ, அவனும் உடைந்துவிட்டான்.

"நானா, என்னையும் எழுதிக்குங்க. மச்சானுக்கு ஓட்டப் பழகக் குடுத்தேன். அவன் மதில்ல ஏத்திட்டான்."

பயந்து பயந்து மனைவியைப் பார்த்தேன். அவள் மாலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு வருசமா அந்தக் கேனைச் சுத்திச் சுத்தித்தானே நான் துணி காயப்போடுறேன். எப்பதான் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

நானா எழுந்து வேனுக்குப் போனார். நான்கு ஸ்பேனர்களும் பெட்டியிலிருந்து திரும்பி வந்தன. நாற்பது நிமிடத்தில் டாங்கியைக் கழுவி, ஃபில்டரை மாற்றிவிட்டார். ஊற்ற டீசல் வேண்டும். பெட்ரோல் ஷெட்டுக்கு மறுபடி தெல்தெனியவுக்கு இறங்க வேண்டும். நானா உள்ளே போய், துணி சுற்றிய ஒரு கேனைத் தூக்கி வந்தார்.

"இதுவும் அந்தத் தட்டுப்பாட்டு வரிசையில நின்டு எடுத்ததுதான். மாசத்துக்கு ஒருக்கா வடிச்சு வைப்பேன். கொட்ட மனசு வருதில்ல தம்பி."

ஒரு சொட்டு மிச்சமில்லாமல் என் வேனுக்குள் ஊற்றினார். "பொய்ய நம்பி என்ஜின கழட்டினா நல்ல என்ஜினும் கெட்டுரும். போங்க, கல்யாணத்தப் பாருங்க."

ஐயர் மூன்றாவது முறையாக மந்திரத்தை முதலிலிருந்து தொடங்கியபோது நாங்கள் உள்ளே ஓடினோம். தாலி ஏறியது. பெண்ணின் மாமா இன்னும் முறைக்கிறார், அது வேறு கதை.

அதற்குப் பிறகு தம்பி வீட்டுக்கு எப்போது போனாலும் அந்த ஊரில் வேனை நிறுத்துகிறேன். நானா பஸ் சீட்டைத் தட்டிவிட்டு, "வண்டிக்கு என்த?" என்று கேட்பார்.

"ஏதோ சத்தம் வருது நானா."

காது கொடுத்துக் கேட்பார். வேன் நன்றாகத்தான் ஓடும். ஒரு ஸ்பேனரை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, எனக்குப் பிளேன்டீ ஊற்றுவார்.