முரிவாய் மணலில அண்ணாவின்ர பாலைவன ஓட்டம்

சனிக்கிழமை. வேலை ஒண்டே ஒண்டுதான்: துபாயில இருந்து வந்த அண்ணாவுக்கு ஓக்லாந்தைச் சுத்திக் காட்டவேணும்.

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. நாங்கள் த்ரீ கிங்ஸில வாடகை வீட்டில இருந்தம். இவர், அதாவது என்ர மனுசன், பென்ரோஸில ஒரு வேர்ஹவுஸில வேலை. அண்டைக்கு ஓவர்டைம். பாத்துப் பாத்து வாங்கின வெள்ளைக் கொரோலாவை என்னட்ட விட்டிட்டுப் போகேக்க "கவனம்" எண்டார். என்னைப் பாத்துச் சொல்லேல்லை, காரைப் பாத்துச் சொன்னார்.

முதல்ல ஒரு மலைக்குக் கூட்டிக்கொண்டு போனன். நகரத்துக்கு நடுவில பச்சைப்பசேலெண்டு புல்லு, செம்மறி மேயுது. ஆரெண்டாலும் வாயைப் பிளப்பினம்.

"ஆடு," எண்டார் அண்ணா. "எங்கட பக்கம் ஒட்டகம்."

துறைமுகத்தைக் காட்டினன்.

"தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு," எண்டார்.

பிறகு ஒரே பாலைவனப் புராணம். மணல் மேட்டில ஜீப் பாயுமாம். பின்னேரம் கூடாரத்தில கம்பளம் விரிச்சு இறைச்சி சுடுவினமாம். வெள்ளைக்காரர் அதைப் பாக்கவெண்டே பிளேன் ஏறி வருகினமாம்!

பின் சீற்றில இருந்த என்ர மகள், எட்டு வயசு, "மம், வை டோன்ட் வீ ஹாவ் அ டெசர்ட்?" எண்டாள்.

எனக்கு ரோசம் வந்திட்டுது. இன்னும் நியூசிலாந்துப் பாஸ்போட்டே கிடைக்கேல்லை, அதுக்குள்ள நாட்டுப்பற்று!

"ஆர் சொன்னது இல்லையெண்டு? வாங்கோ காட்டுறன்!"

நேர மேற்குக் கரைக்கு விட்டன். முரிவாய் கடற்கரை. கண்ணுக்கு எட்டின தூரம் கறுப்பு மணல். காரை மணலுக்கே இறக்கி ஓடலாம். அலைப் பக்கம் ஈர மணல், தார் றோட்டு மாதிரி இறுக்கம். நல்லாத்தான் ஓடினன். அதோட திரும்பியிருந்தால் இதை எழுதத் தேவையில்லை.

"நிப்பாட்டு பிள்ளை. மணலில எப்பிடி ஓடுறதெண்டு நான் காட்டுறன்."

பத்து வருசம் பாலைவனத்தில இருந்த மனுசன். நம்பி இடம் மாறி இருந்தன்.

அண்ணா நேர மேட்டுப் பக்கம் திருப்பினார். காய்ஞ்ச மணல். கார் ஒருக்கா உறுமிச்சு, ஒருக்கா இருமிச்சு, அடைகாக்கிற கோழி மாதிரிக் குந்திட்டுது.

"பயப்பிடாதை. ரயரில காத்தைக் குறைக்கவேணும். அங்க அப்பிடித்தான் செய்வினம்."

நாலு ரயரிலயும் புஸ்ஸ்ஸ்! முகத்தில ஒரு விஞ்ஞானிக் களை வேற.

"கொஞ்சம் கூடப் போயிட்டுது போல... சரி, நீ முன்னால நிண்டு தள்ளு. நான் றிவேர்ஸ் எடுக்கிறன்."

பொனற்றில கையை வச்சு, மூச்சைப் பிடிச்சுத் தள்ளினன். முன் சில்லு ரெண்டும் சுத்தி, கறுப்பு மணலை அள்ளி எனக்கும் காருக்கும் அபிசேகம்! வாயைத் திறந்து "நிப்பாட்டுங்கோ!" எண்டு கத்தினன். திறந்திருக்கக் கூடாது.

கார் அசையேல்லை. இன்னும் ஒரு சாண் கீழ போச்சு.

"காத்தைத் திரும்ப அடிப்பம். பம்ப் எங்க?"

"பம்போ?"

"அங்க ஜீப்பிலயே இருக்கும்."

"அண்ணா, இது கொரோலா! இதில ஒரு குடையும் அரைப் பக்கெற் பிஸ்கற்றும்தான் இருக்கு."

"மம், த வாட்டர் இஸ் கமிங்," எண்டாள் மகள்.

திரும்பிப் பாத்தன். வரேக்க எங்கயோ தூரத்தில நிண்ட கடல், இப்ப எங்களைத் தேடி வந்துகொண்டிருக்குது. கார் இல்லாமல் வீட்ட போய் இவரிட்ட என்னெண்டு சொல்லுறது?

"அண்ணா, உண்மையைச் சொல்லுங்கோ. அங்க எத்தினை தரம் மணலில ஓடினனீங்கள்?"

அண்ணா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

"ஒருக்காப் போனனான்."

"ஓடினனீங்களோ?"

"பின் சீற்றில. தலை சுத்திச் சத்தி வந்து பாதியில இறக்கி விட்டிட்டினம்."

"மிச்சக் காலம் முழுக்க?"

"ஒஃபிஸில ஏசிக்குள்ள இருந்தனான் பிள்ளை."

சிரிக்கிறதோ அழுறதோ தெரியேல்லை. பல்லுக்குள்ள மணல் இருந்ததால ரெண்டும் செய்யேலாமல் போச்சு.

கடவுளே எண்டு ஒரு பெரிய ஜீப் வந்து நிண்டுது. மீன் பிடிச்சிட்டுத் திரும்பின ஒரு மாவோரி அம்மா. ரயரைப் பாத்திட்டு, "ஹூ டிட் தட்?" எண்டா.

மகள் கையை நீட்டிக் காட்டினாள். "மை அங்கிள். ஹீ இஸ் ஃப்ரொம் த டெசர்ட்."

அவ காரைப் பாத்தா. அண்ணாவைப் பாத்தா. "ஓ," எண்டா. அவ்வளவுதான். கயித்தைக் கட்டி ஒரே இழுவை! பம்பும் அவவே தந்தா.

வீட்ட வந்து நானும் அண்ணாவும் காரைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினம். மகளின்ர வாயை ஐஸ்கிறீமால அடைச்சம். வேலையால வந்த இவருக்கு முகமெல்லாம் பல்லு. "காரைக் கூடக் கழுவி வச்சிருக்கிறியள்!" எண்டு அண்ணாவின்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினார். அண்ணாவும் வெக்கமில்லாமல், "இதென்ன பெரிய வேலை," எண்டார்.

திங்கக்கிழமை காலமை. நல்ல குளிர். இவர் வெளுத்த சேட்டோட காருக்குள்ள ஏறி ஹீற்றரைப் போட்டார்.

நான் யன்னலால பாத்துக்கொண்டு நிண்டன். உள்ளுக்க கறுப்பா ஒரு மேகம் எழும்பிச்சு. கதவு மெதுவாத் திறந்துது. தலை முழுக்க, மூக்கு முழுக்க, சேட்டு முழுக்க முரிவாய்.

"இது என்ன?" எண்டார் இவர், ஒரு தும்மலோட.

நான் வாயைத் திறக்க முதல், பின்னால நிண்ட அண்ணா சொன்னார்: "மணல் புயல் மச்சான். எங்கட பக்கம் அடிக்கடி வாறது."

ஆகவே மக்களே, காரைக் கழுவினால் மட்டும் காணாது, ஹீற்றரையும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ.