கிரவுன் போடாத பல்லும், தம்பிக்குப் பெண் கேட்ட நாளும்

வலி நின்றுவிட்டால் நோயும் போய்விட்டது என்று நம்புகிற மனிதர்கள் உண்டு. அவர்கள் ஒரு சங்கம் வைத்தால் போட்டியின்றித் தலைவியாகக்கூடியவள் நான். இத்தனைக்கும் என் வேலை என்ன தெரியுமா? கூலிம் ஹைடெக் தொழில் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில், அரிசிமணியைவிடச் சின்ன மின்னணுச் சில்லுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்கி வைப்பது. பல வருடங்களாகப் பார்க்கிறேன். மயிரிழை விரிசல்கூட என்னிடமிருந்து தப்பியதில்லை. (என் வாய்க்குள் மைக்ராஸ்கோப் நுழையாது. அதற்கு நான் என்ன செய்ய?)

வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஒருநாள் வலி வந்தது. ஒரு வாரம் கிராம்பு வைத்துச் சமாளித்துவிட்டு, கன்னம் பன் மாதிரி ஆன பிறகு கிளினிக்குக்குப் போனேன். பல் டாக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவள். வேரில் இருந்த நரம்பை எடுத்து, குழியை அடைத்துவிட்டு, ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினாள்.

"அக்கா, நரம்ப எடுத்தாச்சு. இனிமே இந்தப் பல்லு வலிக்காது. அதுதான் பிரச்சினையே. பாதிக்கு மேல சொத்த தின்னுடுச்சு, உள்ள இருக்கறது முழுக்க ஃபில்லிங். சுத்தி நிக்கறது மெல்லிசான சுவர். இந்த மாதிரிப் பல்லுக்குக் கட்டாயம் மேல கிரவுன் போட்டு மூடணும். இல்லன்னா ஒருநாள் கடிக்கும்போது பொளந்துடும்."

"எப்ப வரணும் டாக்டர்?"

"ரெண்டு வாரத்துல. அதுவரைக்கும் அந்தப் பக்கம் கெட்டியா ஒன்னும் கடிக்காதீங்க."

இரண்டாவது வாரம் ஓவர்டைம். அதற்கடுத்து தீபாவளி. அப்புறம் காரணம் தேடவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று, ஏனென்றால் பல் வலிக்கவில்லை. கிளினிக்கிலிருந்து மூன்று முறை போன் செய்தார்கள். மூன்றாவது முறை, "வலிக்கவே இல்லலா!" என்று போனில் பேசிய பெண்ணைப் பாராட்டி வைத்தேன். எட்டு மாதம் ஓடியது.

அப்போதுதான் என் தம்பி சுரேஷ் காதலை வெளியிட்டான். பெண்ணின் பெயர் தர்ஷினி. கம்பெனி பஸ்ஸில் பழக்கம். வீடு சுங்கை பட்டாணியில். அப்பா யாழ்ப்பாணத்து வழி வந்தவர், அரசாங்க அலுவலகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ரப்பர் தோட்டத்துக் கூலிக் குடும்பம். அவருக்குச் சம்மதமில்லை. தர்ஷினி ஒரு வருடம் கெஞ்சிய பிறகு, கடைசியில், "சரி, வரச் சொல்லு. ஆக்களைப் பார்ப்பம்" என்று அரை மனதோடு இறங்கி வந்திருந்தார்.

எங்கள் அப்பா உயிரோடு இல்லை. அம்மா புது மனிதர்களைக் கண்டால் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு சிரிப்பதோடு சரி. ஆகவே பேசப்போவது நான். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பேச்சு என்றால் எனக்கு மூச்சு மாதிரி. காரில் போகும்போதே சுரேஷ் கெஞ்சினான்.

"அக்கா, கொஞ்சமா பேசுக்கா. அவரு அமைதியான ஆளு."

"நீ சும்மா வண்டிய ஓட்டு. நான் பாத்துக்கறேன்."

வீடு பளபளவென்று இருந்தது. தர்ஷினியின் அப்பா எதிரே நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் அம்மா தட்டு கொண்டுவந்து வைத்தார். அதில் முறுக்கும் தொதலும் இருந்தன. (தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுக் கிண்டுகிற நம்ம டோடோல் அல்வாதான், அவர்கள் வீட்டுப் பெயர் தொதல்.) எனக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. பொறுப்பான பெண்ணாக முறுக்கை விலக்கிவிட்டு, மெத்தென்றிருந்த தொதலை எடுத்து வாயில் போட்டேன்.

அதில் முந்திரிப்பருப்பு போடுவார்கள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

'டக்' என்று ஒரு சத்தம். என் மண்டைக்குள் மட்டும் கேட்டது. ஃபில்லிங் தொதலோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கி வந்தது. நாக்குப் பக்கத்துச் சுவர் உடைந்து, ஈறில் ஒரு ஓரமாகத் தொங்கியது. உடைந்த முனை பிளேடு மாதிரி நாக்கைக் கீறியது. வாய் முழுக்கத் தொதல், அதற்குள் பாதிப் பல், அதற்குமேல் ரத்தத்தின் உப்பு. துப்பலாம் என்றால் எதிரே வருங்காலச் சம்பந்தி.

சரியாக அந்த நேரத்தில் அவர் ஆரம்பித்தார். "சொல்லுங்கோ பிள்ளை. தம்பியைப் பற்றி."

இதற்காக மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். உதட்டை இறுக மூடிக்கொண்டு, மெதுவாகத் தலையசைத்தேன்.

அவர் காத்திருந்தார். நான் மறுபடியும் தலையசைத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். சுரேஷ் கண்ணாலேயே கும்பிட்டான்.

"நல்ல பிள்ளையோ?"

தலையசைத்தேன்.

"குடி, சிகரெட் ஒண்டும் இல்லையே?"

பக்கவாட்டில் அசைத்தேன். அந்த அசைவில் தொங்கிக்கொண்டிருந்த துண்டு ஈறை இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"எங்களுக்கு ஒரே பிள்ளை. உங்கட வீட்டில சந்தோசமா இருப்பாளோ?"

நான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. (நாக்கில் மூன்றாவது கீறல்.) தர்ஷினியின் அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கலியாணம் கோயில்ல வைப்பமோ, மண்டபத்தில வைப்பமோ?"

தலையசைத்தேன்.

"ரெண்டிலயுமோ?" அவர் யோசித்தார். "அதுவும் நல்லதுதான்."

புறப்படும்போது அவர் எழுந்து வாசல்வரை வந்தார். அம்மாவிடம் சொன்னார்: "நான் பயந்துகொண்டுதான் இருந்தனான். உங்கட மகளைப் பார்த்தபிறகு மனம் ஆறிட்டுது. எவ்வளவு அளந்து பேசுற பிள்ளை!"

அம்மாவுக்குப் புரையேறியது.

கார் தெருமுனை தாண்டியதும் டிஷ்யூவில் எல்லாவற்றையும் துப்பினேன். சுரேஷ் வண்டியை ஓரங்கட்டினான்.

"என்னக்கா ஆச்சு ஒனக்கு? ஊமை மாதிரி உக்காந்திருந்த!"

நான் வாயைத் திறந்து காட்டினேன். அம்மா, "ஐயோ, பல்லு!" என்று அலறினாள். சுரேஷ் எட்டிப் பார்த்தான். தம்பி பதறுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கல்யாணம் முடியற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்லா" என்றான்.

மறுநாளே கிளினிக்கில் நின்றேன். டாக்டர் பார்த்தாள். ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நல்லவேளை, ஈறுக்கு மேலயே ஒடைஞ்சிருக்கு. இன்னும் கீழ வேர் வரைக்கும் பொளந்திருந்தா பிடுங்கறதத் தவிர வழியில்ல. அக்கா என்ன வேல பாக்கறீங்க?"

சொன்னேன். அவள் முகமூடிக்குள் இருமினாள். அது இருமல் என்றே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். மிச்சப் பல்லைக் கட்டி எழுப்பி, செதுக்கி, அச்செடுத்து, இரண்டு வாரத்தில் கிரவுன் ஒட்டினாள்.

கல்யாணம் கோயிலிலும் நடந்தது, மண்டபத்திலும் நடந்தது. மண்டபத்தில் சம்பந்தி என்னருகே வந்து, "சுகமோ பிள்ளை?" என்று கேட்டார். பல் உடைந்த கதையில் ஆரம்பித்து, எட்டு வாரமாக அடக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டுப் பந்தி இரண்டு முறை மாறியது. அவர் நடுவில் ஒருமுறை மகளைப் பார்த்தார், பிறகு தாலியைப் பார்த்தார், பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இது நடந்து ஆறு வருடமாகிறது. இப்போதும் போன் செய்தால் அவருடைய முதல் கேள்வி, "பிள்ளை, பல் எப்பிடி?" என்பதுதான். எங்கள் வீட்டில் எல்லாரும் போனைச் சுற்றி நின்று காத்திருப்பார்கள்.

"நல்லா இருக்கு மாமா, ஒரு கொறையும் இல்ல" என்பேன்.

அந்தப் பக்கத்திலிருந்து, "அப்பிடியோ…" என்பார், குரல் தணிந்து.