கராஜுக்கு ஒரு குழி

"இதுதான் அஸ்திவாரமா, மிஸ்டர் ஸ்டோக்கோ? ரோஜாச் செடி வைக்கத் தோண்டியிருக்கீங்கன்னு நினைச்சேன்."

முழங்கால் ஆழக் குழிக்குள் பெருமையாக நின்றுகொண்டிருந்த ரோலண்டுக்குச் சுருக்கென்றது. கரையில் நின்ற மிஸ் ரட்டர், கட்டட வேலைகளைச் சோதிக்க வரும் கவுன்சில் அதிகாரி. அந்த அம்மாள் சரி என்று சொல்லாமல் ஒரு கரண்டி கான்கிரீட் கொட்ட முடியாது.

"கராஜைப் பின்பக்கமா கொஞ்சம் நீட்டுறேம்மா. ஒரு மோட்டார் சைக்கிள் நிக்கணும், அவ்வளவுதான்."

"மண்ணு களிமண்ணு. பக்கத்துல வில்லோ மரம் வேற நிக்குது. அது தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச மண்ணு சுருங்கும், உங்க சுவர் உக்காந்துரும். இடுப்பளவு தோண்டிட்டுக் கூப்பிடுங்க."

ரோலண்டுக்கு அவசரம் இருந்தது. அவனுடைய பழைய மோட்டார் சைக்கிள் போன குளிர்காலத்தில் 'ஒரே ஒரு வாரத்துக்கு' என்று வீட்டு முன்னறைக்குள் வந்தது. இப்போது இங்கிலாந்தின் வடகோடியான நார்தம்பர்லாந்துக்கு வெயில் காலமே வந்து போய்விட்டது. வண்டி மட்டும் போகவில்லை. மனைவி தெல்மா கெடு வைத்துவிட்டாள்.

"சோபாவுல உக்காந்தா கைப்பிடி காதுல குத்துது, ரோலண்ட். கிளப்புல லீக்ஸ் காய்கறிப் போட்டி அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான். அதுக்குள்ள அது கராஜுக்குப் போகலைன்னா, அதை வாங்கிக்க ஒரு ஆள் பார்த்து வச்சிருக்கேன்."

பெண்டாட்டியை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பானே தவிர, அந்த வண்டியை விட்டுக்கொடுக்கிறவன் இல்லை ரோலண்ட். இதைத் தெல்மாவிடம் சொல்லும் அளவுக்கு அவன் முட்டாளும் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தலை எழுந்தது. அடுத்த வீட்டு வில்ஃப். அந்த ஊரில் வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன் போன்ற லீக்ஸைத் தொடைப் பருமனுக்கு வளர்த்து, வருஷா வருஷம் கிளப்பில் போட்டி வைப்பார்கள். கோப்பை வருஷா வருஷம் வில்ஃப் வீட்டுக்குத்தான் போகும். அவருடைய கராஜை ஒட்டி, நூல் பிடித்த மாதிரி நேராக, நீளமாக, ஆழமாக ஒரு லீக்ஸ் பாத்தி. அதன் பக்கத்தில் பூனை போனாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

"என்ன தம்பி, மரத்தைச் சொல்லிட்டுப் போயிட்டாங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லாம இருப்பாங்களா!" என்று பெருமூச்சு விட்டுவிட்டு வில்ஃப் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மரம் இருந்தால்தானே தொல்லை? ரோலண்ட் அன்றைக்கே ரம்பத்தை எடுத்து வில்லோவை அடியோடு சாய்த்தான். மிஸ் ரட்டர் மறுபடி வந்து அடிமரத்தைப் பார்த்தாள். நெற்றியைத் தடவிக்கொண்டாள்.

"ஏன் சார் வெட்டினீங்க?"

"நீங்கதானம்மா மரம் ஆகாதுன்னீங்க?"

"மரம் இருந்தா மண்ணு சுருங்கும். மரத்தை வெட்டினா, குடிக்க ஆள் இல்லாம தண்ணியெல்லாம் மண்ணுலயே தங்கி, மண்ணு உப்பும். உங்க சுவரை மேல தூக்கும். இனிமே நெஞ்சளவு தோண்டணும்."

வேலிமேல் தலை தெரிந்தது. "உப்பும்னு சொன்னாங்களா?"

"ஆமா."

"அதையும் சொல்லிட்டாங்களா," என்றார் வில்ஃப், ஏதோ துக்கம் விசாரிக்க வந்தவர் போல. "அடுத்தது சாக்கடைக் குழாய். பார்த்துத் தோண்டு தம்பி."

ரோலண்ட் பார்த்துத்தான் தோண்டினான். ஆனாலும் கடப்பாரை 'ணங்'கென்று எதிலோ இறங்கியது. யார் எப்போது புதைத்ததோ, ஒரு மண் குழாய் உடைந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்துத் தெல்மா மாடியில் குளித்து முடித்துத் தொட்டி அடைப்பைப் பிடுங்கினாள். லாவெண்டர் நுரை முழங்கால் வரை பொங்கியது. குழியில் மணம் மட்டும் பிரமாதமாக இருந்தது.

அவன் குழாயை ஒட்டினான். வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்தான். ஊறிப்போன களிமண் கரை சும்மா இருக்குமா? பொத்தென்று சரிந்தது. சரிந்தது தனியாகப் போகாமல் பழைய கராஜின் பின்சுவரில் பாதியையும் கூட்டிக்கொண்டு போனது. கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்ட கதைதான். மோட்டார் சைக்கிளுக்கு இடம் தேடிப் போனவன், நல்லபடியாக நின்றுகொண்டிருந்த காரையும் தெருவில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதாயிற்று.

லீக்ஸ் போட்டியும் வந்தது. மத்தியானத்துக்குள் வில்ஃப் கோப்பையோடு திரும்பிவிட்டார். ரோலண்ட் குழியின் விளிம்பில், தொங்கிய கால்களோடு உட்கார்ந்திருந்தான். முன்னறையில் நிற்கும் அந்தச் சிவப்பு டேங்கை நினைத்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் தெல்மாவைப் பின்னால் உட்காரவைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போன வண்டி அது.

சாயங்காலம் ஆனதும் தெல்மா கையில் போனோடு வந்தாள்.

"மன்னிச்சுக்க ரோலண்ட். சொன்னா சொன்னதுதான். மணி அடிக்குது, வண்டி வாங்குற ஆள் போனை எடுக்கப் போறான்."

அந்த நேரத்தில் கேட்டைத் தள்ளிக்கொண்டு வில்ஃப் வந்தார். தள்ளுவண்டி நிறைய ஆவி பறக்கும் குதிரைச் சாணம். அவருக்குப் பின்னால் அவர் மனைவி எட்னா, கையில் தேநீர்த் தட்டோடு. இத்தனை வருஷப் பழக்கத்தில் எட்னா யாரையும் சமையலறையைத் தாண்டி உள்ளே விட்டதில்லை. ஆனால் தேநீரில் மட்டும் குறை வைக்க மாட்டாள்.

"சாணம் எதுக்கு?" என்றான் ரோலண்ட்.

வில்ஃப் குழியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து ஆழம் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "கச்சிதம்!" என்று சொல்லிவிட்டுச் சாணத்தை அப்படியே உள்ளே கவிழ்த்தார்.

"யோவ்! என் அஸ்திவாரம்யா அது!" என்று ரோலண்ட் துள்ளி எழுந்தான்.

எட்னா தட்டைக் கீழே வைத்தாள். தெல்மாவின் கையிலிருந்த போனை மெதுவாக வாங்கி அணைத்தாள்.

"விடு தெல்மா, எங்க லீக்ஸ் பாத்தியும் கராஜுக்குன்னு தோண்டினதுதான், இவரு பைக் இன்னும் எங்க முன்னறையிலதான் நிக்குது, துணி காயப்போட அத மாதிரி வசதி வேற கிடையாது."