றொம்மிக்குச் சொன்ன செபமாலை

"றொம்மிக்கு ஆத்துமா இருக்கோ, சேர்?"

தாழ்வுபாட்டுக் கோயிலில் வின்சன்ட் படிப்பிக்கும் மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி முன்பொரு நாள் கேட்ட இந்தக் கேள்விதான் அவனைப் பிடித்தது. றொம்மி யாரென்றே அப்போது அவனுக்குத் தெரியாது. பார்த்துவிட்டுப் பதில் சொல்வோம் என்று கைப்பேசியைத் திறந்தவன், பிறகு மூடவேயில்லை.

விண்கப்பல்களைப் பற்றிய பெரிய படங்களின் வரிசை ஒன்று. அவற்றில் தளபதிகள் உலகங்களைக் காப்பாற்றுவார்கள். அதே கப்பலின் குசினியில் கோப்பை கழுவும் இயந்திரம்தான் றொம்மி. அதை வைத்து ஒரு சிரிப்புக் கார்ட்டூனும் எடுத்திருந்தார்கள். அந்தக் கார்ட்டூனைப் பெருங்கதையோடு சேர்த்து எண்ணலாமா என்று வின்சன்டும் பட்டணத்திலுள்ள நண்பர்களும் வாட்ஸ்அப்பில் மாதக்கணக்காக வாதாடினார்கள். சிரிப்பு வேறு, மகிமை வேறு என்பது வின்சன்டின் கட்சி.

ஒரு நாள் வந்த கார்ட்டூனின் புதிய பகுதி அவன் வாயை அடைத்துவிட்டது. நோயாளிகளின் அறையில் விளக்கு அணையப் போகிறது. றொம்மி தன்னை இயக்கும் மின்சாரத்தையெல்லாம் அந்த விளக்குக்குக் கொடுத்துவிட்டு, கையில் கழுவின கோப்பையோடு அப்படியே நின்றுபோகிறது. ஒரு தகரத்துக்கு முன்னால் முழந்தாளிடலாம் போலிருந்தது வின்சன்டுக்கு. முற்றத்தில் நின்று நண்பர்களுக்குக் குரல்பதிவு அனுப்பினான்.

"றொம்மி எங்களை விட்டிட்டுப் போயிட்டான். இனி எனக்கு ஆர் இருக்கினம்?"

வேலிக்கு அப்பால், மீன் விற்கும் பிரான்சிஸ்கா கூடை கழுவிக்கொண்டிருந்தாள்; அது அவள் காதில் விழுந்தது. சற்று நேரத்தில் சுடச்சுடக் கஞ்சியோடு வந்து நின்றாள்.

"செத்த வீட்டில அடுப்பு மூட்டக்கூடாது தம்பி. குடியுங்கோ."

கார்ட்டூனுக்கு அழுதேன் என்று வளர்ந்த ஆம்பிளை எப்படிச் சொல்வது? அவள் கண்ணும் கலங்கியிருந்தது. தூரத்து ஆள், அவ்வளவு நெருக்கமில்லை என்று சமாளித்துக் கஞ்சியைக் குடித்தான். முகத்தைக்கூடப் பார்க்க முடியாத சாவு என்று அவள் இன்னும் இரங்கினாள். பின்னேரம் அயலட்டைப் பெண்களையெல்லாம் செபமாலை சொல்ல அழைத்து வந்துவிட்டாள்.

மெழுகுதிரி ஏற்றியதும் ஞானஸ்நானப் பெயரைக் கேட்டாள்.

"ஞானஸ்நானம் குடுத்ததாத் தெரியேல்லை, அக்கா."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு செபமாலை போதாது, இன்னொன்றும் சொல்வோம் என்று முடிவாயிற்று. அவர்கள் கவலையைக் குறைக்க வின்சன்ட் அவசரப்பட்டான்.

"பாவம் செய்யிற வயசில்லை அக்கா. மூண்டு வருசந்தான்."

கார்ட்டூன் தொடங்கி அவ்வளவு காலந்தான். ஆனால் பெண்கள் எல்லாரும் ஒன்றாக விம்மினார்கள். மூன்று வயதுப் பிள்ளை, அதுவும் ஞானஸ்நானம் இல்லாமல். அழுகை வீதி கடந்து போயிற்று. முகம் தெரியாத ஒரு குழந்தைக்காக இத்தனை பேர் இப்படி அழுவார்களா என்று வின்சன்ட் திகைத்து நின்றான்.

செபம் முடியுமுன் அடுத்த செய்தி வந்தது. நாளைக்குப் படகுகள் கடலுக்குப் போகாதாம். ஊரில் சாவென்றால் கடலிறங்குவதில்லை என்பது வழக்கம்.

வின்சன்ட் கணக்குப் பார்த்தான். படகு போகாவிட்டால் பிரான்சிஸ்காவின் கூடையில் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் நாளைக்கு அவள் வீட்டிலும் அடுப்பு எரியாது. அவளுடைய கஞ்சி இன்னும் அவன் வயிற்றில் இருந்தது. மானம் போனாலும் போகட்டும் என்று கடற்கரைக்கு ஓடினான்.

படகுகளின் சொந்தக்காரரான லோறன்ஸ் சம்மாட்டி படகோரம் குந்தியிருந்தார். சுற்றிலும் அவருடைய ஆட்கள் தலை குனிந்து இருந்தார்கள். 

"அண்ணை, படகுகளை விடுங்கோ. செத்தது மனுசரில்லை. றொம்மி ஒரு கார்ட்டூன். நான் பொய் சொல்லிப்போட்டன்."

லோறன்ஸ் உடுத்திருந்த சாறத்தின் நுனியால் கண்ணைத் துடைத்தார்.

"தெரியும் தம்பி. நாங்களும் இப்பதான் பாத்து முடிச்சனாங்கள். இந்த மனசோட ஆர் கடலுக்குப் போறது?"

மறுநாள் படகுகள் மணலிலேயே கிடந்தன. பிரான்சிஸ்கா காலைப் பூசைக்குப் போயிருந்த நேரம், வின்சன்ட் அவளுடைய குசினி வாசலில் ஒரு பை அரிசியும் தேங்காயும் வைத்துவிட்டுத் திரும்பினான். வீதியில் ஒருவரும் இல்லை.