நல்ல காரியத்துக்கு முன் கேட்கக் கூடாத கேள்வி

அன்புள்ள திருமால் மாமாவுக்கு, கலைமதி வணக்கத்துடன் எழுதுவது.

போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். உங்கள் குரல் கேட்டதும் எனக்கு "நல்லாருக்கீங்களா மாமா"வுக்கு மேல் வார்த்தை வராது. பென்னாகரத்தில் நீங்களும் அத்தையும் நலம்தானே? இங்கே அனைவரும் நலம். ஓடையில் தண்ணீர் வந்தால் மட்டும் அம்மா பால் கேனோடு அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள்.

அந்த ஓடைக்குத்தான் பாலம் வரப்போகிறது. எந்தப் பொருளை எப்போது வாங்குவது, எப்போது டெண்டர் விடுவது, எங்கெல்லாம் தப்பு நடக்கலாம் என்று எழுதித் தருவது என் ஆபீஸ் வேலை. மாதக் கடைசிக்குள் தராவிட்டால் பாலம் வேறு ஊருக்குப் போய்விடும். ஊரைக் கூட்டி, "இதுல என்னென்ன தப்பு நடக்கலாமுங்க?" என்று கேட்டேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ராமக்காள் அக்காதான், "ஏம்புள்ள, இன்னும் பூசையே போடல. பொண்ணு பாக்க வந்த எடத்துல எப்ப தாலியறுக்கறதுன்னு கேப்பாங்களா?" என்று எழுந்துவிட்டார். கூட்டமும் எழுந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு, "சரிங்க, பக்கத்து ஊர்ப் பாலத்துக்கு என்னாச்சு?" என்றேன். அவ்வளவுதான், அத்தனை பேரும் திரும்ப உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஐப்பசில குழி தோண்டுனானுங்க, எருமை குளிச்சுது!" "கம்பி மொதல்ல வந்துருச்சு, சிமெண்டு வரல. வருசம் பூரா கம்பில துணி காயப்போட்டாங்க!" "சிமெண்டு வந்து மழைல கல்லாயிருச்சு. மாயவன் வூட்டு வாசப்படியே அதுதான்!" நான் எழுத எழுத, என் பட்டியல் நிறைந்தது. கடைசியில் ஒருவர், "எல்லாத்துக்கும் மேல, லாரி போக நெலத்துக்காரன் வழி வுடலீங்க" என்றதும் அனைவரும் என்னைப் பார்த்தார்கள்.

நம் ஊரில் அது நடக்கும் வாய்ப்பு 'குறைவு' என்று எழுதினேன். எங்கள் ஆபீஸ் நிர்மலா மேடம், "எதை வெச்சும்மா சொல்ற?" என்றார். "எங்க ஊர்ல நெலத்துக்காரரு எங்க மாமாங்க மேடம்" என்றேன். "மாமா ஆதாரம் இல்லம்மா. கையெழுத்துதான் ஆதாரம்."

உங்களைச் சிரிக்கவைக்கத்தான் இதையெல்லாம் எழுதினேன். பதில்கூட வேண்டாம். அத்தையின் முழங்கால் வலி குறைய மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கலைமதி

பி.கு.: பதில் வேண்டும் மாமா. ஓடையோரத்து மாமரங்களுக்கு நீங்கள் பெயர் வைத்துக் கூப்பிடுவது எனக்குத் தெரியும். இருந்தாலும், பாலம் முடிகிற வரைக்கும் அந்தத் தோப்புக்குள் லாரி போக வழி விடுவீர்களா?