கணக்கு மட்டும் மிச்சம் கீது

முத்தாபுதுப்பேட்டையில் பிளஸ் டூ ரிசல்ட்டை வெளியிடுவது அரசாங்கம் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஜெராக்ஸ் அக்கா கடை ஷட்டரைப் பாதி இறக்கினால்தான் ரிசல்ட் வந்ததாக அர்த்தம். அதுவரை வந்ததெல்லாம் வதந்தி.

எல்லார் கையிலும் போன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அன்றைக்குப் பார்த்து அதில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அக்காவின் அரதப் பழசான கம்ப்யூட்டரில் மட்டும் பட்டென்று திறக்கும். எப்படி என்று கேட்டேன். "அதுக்கு என்னைக் கண்டா பயம் சார்" என்றார். நான் சாஃப்ட்வேரில் இருபது வருடம் குப்பை கொட்டியவன். இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

ரிசல்ட் அன்று அக்காவின் சட்டம் கறாரானது. எழுதின பிள்ளை மட்டும் ஷட்டருக்குள் குனிந்து வரவேண்டும். அப்பா அம்மா வெளியே. மார்க்கைக் காதோடு காதாகத்தான் சொல்வார். 'ஃபெயில்' என்ற சொல் அந்த எல்லைக்குள் கூடாது. "கெமிஸ்ட்ரி மிச்சம் கீது" என்பார், ஏதோ மத்தியானம் வைத்த ரசம் மிச்சம் இருக்கிற மாதிரி. வாய் தவறி அந்தச் சொல்லைச் சொன்ன அப்பாக்கள் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை பென்ஷன்காரர் ஒருவர், அழுதுகொண்டு வெளியே வந்த பெண்ணிடம் "எவ்வளவும்மா மார்க்?" என்று கேட்டுவிட்டார். அக்கா ஷட்டருக்கடியிலிருந்து தலையை நீட்டினார். "உனுக்கு சுகர் எவ்ளோ சார்? சத்தமா சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்!" மனிதர் அதற்குப் பிறகு ஜெராக்ஸ் எடுக்க ஆவடிக்குப் போகிறார்.

மிச்சம் வைத்த பிள்ளைகளுக்கு அடுத்து என்ன என்பதை அக்கா மார்க் பார்த்து முடிவு செய்வதில்லை. மெஷினில் வேண்டுமென்றே ஒரு பேப்பரைச் சிக்கவைப்பார். "மாட்டிக்கினுது, இன்னான்னு பாரு" என்று விட்டுவிட்டு டீ குடிப்பார். ஒரு பையன் சீப்பாலேயே மெஷினைக் கழற்றிப் பேப்பரை எடுத்தான். அவனுக்கு ஐடிஐ. போன மாதம் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட் பாதியில் நின்றபோது வந்து என்னை மீட்டவன் அவன்தான். ஒரு பெண் மெஷினைத் தொடவே இல்லை. கத்திக்கொண்டிருந்த கூட்டத்தை அதட்டி வரிசையில் நிற்கவைத்தாள். அவள் இப்போது வானகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். மாப்பிள்ளை வீட்டாரே பயப்படுகிறார்களாம்.

கடையில் சாமி படம் இருக்கவேண்டிய இடத்தில் அக்காவின் சொந்த மார்க் ஷீட் லேமினேஷன் செய்து தொங்கும். பெயர் வெளுத்துப்போயிருந்தாலும் ஒன்று மட்டும் பளிச்சென்று தெரியும்: கணிதம், 009. அந்த இரண்டு பூஜ்யங்களைப் பார்த்தாலே பாதிப் பிள்ளைகளுக்கு அழுகை நின்றுவிடும். பிறகு எப்போதோ எழுதிப் பாஸ் செய்திருப்பார் என்று ஊரே நம்பியது. நானும்தான்.

என் மகள் பூரணியின் ரிசல்ட் அன்று நான் அக்கா கடைக்குப் போகவில்லை. சாஃப்ட்வேர்காரன் என்ற திமிர். வெள்ளானூர் வீட்டிலேயே போனில் பார்த்தேன். கெமிஸ்ட்ரியில் மொத்தம் நாற்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்தால் பாஸ்தானே? அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் லட்டு படத்தோடு போட்டுவிட்டேன். அறுபது வீட்டிலிருந்தும் வாழ்த்து.

பூரணிதான் போனை வாங்கிப் பார்த்தாள். செய்முறைக்கும் பள்ளியில் போடும் மார்க்குக்கும் சேர்த்து முப்பது. எழுத்துத் தேர்வில் பதினொன்று. எழுத்தில் தனியாகப் பதினைந்து எடுக்காவிட்டால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் செல்லாது. அது அவளுக்குத் தெரியும், அப்பனுக்குத் தெரியாது. போனை என் கையில் திணித்துவிட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

"ஏட்டி பூரணி, கதவத் தெறட்டி!" என்று நானும் என் மனைவியும் மாறி மாறித் தட்டினோம். தாழ்ப்பாள் அசையவில்லை. அந்த நேரத்தில் எந்த அப்பனுக்கும் என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது. அக்காவுக்குப் போன் செய்தேன்.

ரிசல்ட் அன்று கடையை விட்டு நகராத அக்கா, ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு ஸ்கூட்டியில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதவுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். எங்கள் பில்டர் போட்ட கதவு எதுவும் தரையைத் தொடாது. அவனை நான் திட்டாத நாளில்லை. அன்றைக்கு அந்த இடைவெளிதான் கைகொடுத்தது.

"பாப்பா, ஜெராக்ஸ் அக்கா வந்துகீறேன். கெமிஸ்ட்ரி மட்டும் கொஞ்சம் மிச்சம் கீது, அவ்ளோதான். பேப்பர் தள்றேன், பாரு."

துணைத்தேர்வு ஃபாரம் உள்ளே போனது. திரும்பி வந்தது. மறுகூட்டல் போனது, வந்தது. பத்தாவது மார்க்கை வைத்துச் சேரும் டிப்ளமா போனது, இன்னும் வேகமாக வந்தது. கேட்டரிங் கசங்கிப்போய் வந்தது.

அக்கா என் பக்கம் திரும்பி, "கோவம் வந்துகினு கீது சார். இனிமே பயமில்ல" என்று கிசுகிசுத்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு பையிலிருந்து, கடையில் தொங்கும் அந்த மார்க் ஷீட்டை எடுத்துத் தள்ளினார். அது திரும்பி வரவில்லை.

உள்ளேயிருந்து குரல். "எப்ப பாஸ் பண்ணீங்க?"

 அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பண்ணல பாப்பா. அப்பால எழுதவே போவல. பயம். கடையப் போட்டு குந்திக்கினேன்."

தாழ்ப்பாள் விலகியது. முகமெல்லாம் வீங்கி நின்றாள் பூரணி. "ஊருக்கெல்லாம் ஃபாரம் குடுக்கீங்க, நீங்க எழுதலயா? எனக்குப் பதினொண்ணு. உங்களவிட ரெண்டு ஜாஸ்தி. நாஞ் சொல்லுததத்தான் நீங்க கேக்கணும். நீங்களும் எழுதுனா நானும் எழுதுவேன்."

"இன்னா சார், உன் பொண்ணு இப்டி மடக்குது!" என்றார் அக்கா. அன்றைக்கு இரண்டு ஃபாரம் நிரம்பின. கெமிஸ்ட்ரி ஒன்று, கணக்கு ஒன்று. கணக்கில் கெட்டிக்காரியான பூரணி, கெமிஸ்ட்ரி படித்த நேரம் போக ஜெராக்ஸ் மெஷின் மேல் நோட்டை விரித்து அக்காவை உருட்டி எடுத்தாள்.

துணைத்தேர்வு ரிசல்ட் அன்றும் ஷட்டர் பாதி இறங்கியது. பூரணி பாஸ். எழுத்தில் நாற்பத்திரண்டு. அந்த வருடமே காலேஜில் சேர்ந்துவிடலாம். என் மனைவியைத் தேடி வெளியே ஓடினாள்.

"இப்ப என்னுது. நீ பாரு சார், என்னால முடியாது" என்று அக்கா, தன் சட்டத்தையே மீறி என்னை ஷட்டருக்குள் இழுத்துத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறந்த தேதியைக் கேட்டேன். "மெதுவா, வெளிய கேக்கப்போவுது" என்று காதில் சொன்னார். திரையில் அவர் பெயரை முதன்முதலாகப் பார்த்தேன். அதற்குக் கீழே, கணிதம், 031.

வெறும் ஒன்பதிலிருந்து முப்பத்தொன்று!  அதற்குப் பக்கத்தில் இருந்த அந்த வேண்டாத சொல்லை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, அவர் காதருகே குனிந்தேன்.

"அக்கா, நாலே நாலு மார்க்தான் மிச்சம் கீது."

அவர் திரும்பவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் வாய்ல 'கீது' வரவே இல்ல சார். 'இருக்கு'ன்னே சொல்லு." பிறகு, "அடுத்த ஃபாரம் எடு" என்றார்.

நானே எடுத்து நானே நிரப்பினேன். என் கையெழுத்து அவ்வளவு அழகாக வந்ததே இல்லை.