பொட்டிக்காரர் சொன்ன கடைசி ரீல்

ஒரு படத்தை ஓடவிடாமல் அடிக்க மற்ற ஊர்களில் மழை பெய்ய வேண்டும், கரண்ட் போக வேண்டும், பிள்ளைகளுக்குப் பரீட்சை வர வேண்டும். எங்கள் உத்திரமேரூருக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. பொட்டிக்காரர் ஒருத்தர் போதும்.

பேர் என்னவோ, யார் கண்டது! காஞ்சிபுரத்திலிருந்து சினிமாப் பெட்டியை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் கீற்றுக் கொட்டகையில் இறக்குவது அவர் வேலை. அதனால் பொட்டிக்காரர். ஒல்லி உடம்பு, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, வாயில் சதா வெற்றிலை. எழுபதுகளின் கடைசி அது. தெலுங்கிலும் இந்தியிலும் ஓடின படங்களைத் தமிழில் மறுபடி எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பெட்டியோடு அவர் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் சூழ்ந்துகொண்டு, "இன்னா படம்ணா?" என்பார்கள். பெட்டியை ஒரு தட்டு தட்டி, "இது சும்மா. ஒரிஜினல நான் பார்த்துட்டேன்" என்பார். அன்றைக்குத் தரை டிக்கெட்டில் பாதி மணல் காலியாகக் கிடக்கும்.

நெல் ஏற்றிப் போகிற லாரியில் தொற்றிக்கொண்டு ஆந்திரா பக்கம் போவார், தெலுங்குப் படம் பார்ப்பார். பட்டணம் போனால் இந்திப் படம். "உனக்கு இந்தி தெரியுமாய்யா?" என்று டீக்கடையில் ஒருநாள் மடக்கினேன். "அயுவுறதுக்கு இன்னா பாஷ நைனா?" என்றார். மொத்தக் கடையும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

எரியாதா பின்னே? அவர் வருகிற வரைக்கும் அந்தக் கடையில் சினிமாக் கதை சொல்கிறவன் நான்தான். கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தா, படித்தவன், குரலும் நன்றாக இருக்கும். சாயங்காலமானால் பெஞ்சில் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பார்கள். பொட்டிக்காரர் வந்தார், இடம் போச்சு. நான் சண்டைக் காட்சியை நடித்துக் காட்டிக்கொண்டிருப்பேன், "த பாரு, பொட்டி வந்துகினு கீறாரு" என்று எழுந்து போய்விடுவார்கள். ஓங்கின கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பேன்.

அவருக்கு எதிலுமே இரண்டாவது தடவை என்பது ஆகாது. சூடுபண்ணின சாம்பாரை முகர்ந்து பார்த்து, "ரீமேக்கு" என்று தள்ளி வைப்பார். எங்கள் சங்கத்துச் செயலாளருக்கு இரண்டாவது பையன் பிறந்து சர்க்கரை கொடுத்தபோது, வாயில் போட்டுக்கொண்டு, "கொயந்த நல்லா கீது சார். ஆனா மூத்தவன் மேரி வராது" என்றார். பிறந்து பத்து நாள்கூட ஆகாத பிள்ளை! செயலாளர் அடிக்கப் போய்விட்டார். நான்தான் பிடித்து இழுத்தேன், ஏன் இழுத்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

நான் விடாமல் வாதாடுவேன். "யோவ், நம்ம பாஷையில, நம்ம மூஞ்சிங்களோட எடுத்தா இன்னாய்யா தப்பு? புரியாம அழறதுக்குப் புரிஞ்சி அழறது தேவலதானே?"

வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மொத தபா எடுக்கறவன் பயந்துகினே எடுக்கறான் நைனா. ஓடுமா ஓடாதான்னு அவனுக்குத் தெரியாது. ரெண்டாவது எடுக்கறவனுக்கு ஓடுச்சின்னு தெரியும். அப்பால அவனுக்கு இன்னா பயம்? பயமில்லாதவன் படத்துல உசுரு எங்க இருக்கும்?"

சே, இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

பெஞ்சு போனால் போகட்டும். வீட்டையும் பிடித்தார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மனைவி சரோஜா சினிமாப் பைத்தியம். எங்கள் கொட்டகையில் ஒரே மெஷின். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் லைட்டைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் பொட்டிக்காரர் திரைக்குக் கீழே எழுந்து நின்று, ஒரிஜினலில் இந்த இடம் எப்படி என்று சொல்வார். ஜனம் அவர் சொல்வதற்கு அழுதுவிட்டு, படம் மறுபடி ஓடும்போது முறுக்கு தின்னும். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "யோவ், நீ பொட்டி தூக்க வந்தியா, என் பொயப்ப கெடுக்க வந்தியா?"

அப்போது ஒரு அண்ணன் தங்கச்சிப் படம் வந்தது, தெலுங்கிலிருந்து எடுத்தது. கோபித்துக்கொண்டு போன தங்கச்சி கடைசியில் அண்ணன் மடியில் செத்துப் போவாள். பொட்டிக்காரர் எழுந்தார். "சாவவே மாட்டா. ஒரிஜினல்ல அவ திரும்பி வருவா. அண்ணங்காரன் வாசல்ல குந்திக்கினு இருப்பான், ஏறெடுத்துப் பாக்க மாட்டான். அவளும் பேச மாட்டா. நேரா உள்ள போயி அடுப்புல ஒலைய வைப்பா. கொஞ்ச நேரம் கழிச்சி இவன் திரும்பாமலே சொல்லுவான், 'அடுப்பத் தணிம்மா, சோறு பொங்குது'ன்னு. அவ்ளோதான் படம்."

கொட்டகையில் மூக்கு உறிஞ்சாத ஆள் இல்லை. சரோஜா வீட்டுக்கு வந்தும் அழுதாள். மறுநாள் உலை பொங்கும்போது அழுதாள். நான் எத்தனை கதை சொல்லியிருக்கிறேன், ஒரு சொட்டு வந்ததா? என் பொண்டாட்டியை ஒரு தடவையாவது நான் அழ வைக்க வேண்டும் என்று வெறி வந்துவிட்டது. வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சங்கத்தில் லீவு போட்டு, பஸ் மாறி மாறி நெல்லூர் வரை போய், ஒரிஜினலைப் பார்த்தேன். கண்கொட்டாமல் பார்த்தேன். அதிலும் தங்கச்சி செத்துப் போகிறாள்! அடுப்பும் இல்லை, உலையும் இல்லை. செத்தவளைப் பார்த்து நான் ஒருத்தன் மட்டும் கைதட்டியதில் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

ஓடிவந்து சரோஜாவிடம் சொன்னேன். "அந்த ஆள் புளுகுறான். அப்படி ஒரு சீனே கிடையாது."

அவள் அரிசி களைந்த கையோடு திரும்பினாள். "நீங்க தூங்கிட்டு இருப்பீங்க" என்றாள்.

இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்வான்? நேரே முதலாளியிடம் போனேன். "அவரு வாயை அடைக்கணும்னா ஒரிஜினலையே இறக்குங்க. ஞாயித்துக்கிழமை மேட்னி. நம்ம பக்கம் பாதிப் பேருக்குத் தெலுங்கு புரியும்." முதலாளி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெட்டியைக் கொண்டுவந்ததும் பொட்டிக்காரர்தான். வேறு யார் கொண்டுவருவார்கள்? பஸ்ஸை விட்டுவிடுவார், பெட்டி வரவில்லை என்பார் என்று பஸ் ஸ்டாண்டிலேயே காத்து நின்றேன். நேரத்துக்கு வந்து இறங்கினார். "இன்னா படம்ணா?" என்றான் ஒருத்தன். அவர் பெட்டியைத் தட்டவில்லை. "ஒரிஜினல்" என்றார், சத்தமே இல்லாமல். தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். எனக்கு உள்ளே குதியாட்டம்.

கொட்டகை நிரம்பி வழிந்தது. சரோஜா தெருப் பெண்களையெல்லாம் கூட்டிவந்து, "கண்ணு தொடைக்கத் துணி எடுத்துக்கினீங்களாடி?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ரீலுக்கும் லைட் எரிந்தது. பொட்டிக்காரர் எழுந்திருக்கவில்லை. மூங்கில் கால் ஓரமாகக் குந்தியிருந்தார். "இன்னாய்யா, வாயத் தொறக்கல?" என்று யாரோ கேட்டதற்கு, "அதான் படமே ஓடுதே" என்றார்.

கடைசி ரீல். தங்கச்சி செத்துப் போனாள். பாட்டுப் பாடிவிட்டு வேறு செத்தாள். லைட் எரிந்தது.

 அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல்: "யோவ் பொட்டி, அடுப்பு எங்கய்யா?" உடனே இன்னொன்று: "சோறு எங்கய்யா? இத்தினி நாளா எங்கள பேக்கு ஆக்கிக்கினு இருந்தியா?"

நான் எழுந்து நின்றேன். இந்த நிமிஷத்துக்காகத்தானே நெல்லூருக்கும் இங்கும் அலைந்தேன். சரோஜாவைப் பார்த்தேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் துணி காய்ந்து கிடந்தது, முகம் பெற்றவளே அடித்துவிட்ட குழந்தையின் முகம் மாதிரி இருந்தது. பொட்டிக்காரர் கழுத்துக் கைக்குட்டையை அவிழ்த்து, மடித்து, மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"இது வெட்டுன பிரிண்டு!" என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால், என் குரல்.

"நான் நெல்லூர்ல போய் முழுசாப் பார்த்தவன். அடுப்பு சீன் இருக்குது. ஊர் ஊரா சுத்தி வந்ததுல எவனோ ஒரு ரீலை உருவிட்டான்."

எங்கள் ஊர் உடனே நம்பியது. நம்பாமல் என்ன? செங்கல்பட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஜனம் போக வேண்டும் என்று எங்கள் ஆபரேட்டரே வாரத்துக்கு ஒரு ரீலை முழுங்குகிற ஆள்தான். "டேய் ஆபரேட்டரு, உன் வேலதானாடா?" என்று மெஷின் ரூம் பக்கம் மணலை வாரி இறைத்தார்கள். பாவம், அவன் அன்றைக்கு ஒரு பாவமும் செய்யவில்லை. அதன்பின், "நீ சொல்லுய்யா அந்த ரீல!" என்று ஒரே கூச்சல்.

பொட்டிக்காரர் எழுந்தார். வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று, வாசலில் குந்தின அண்ணனையும் உலை வைத்த தங்கச்சியையும் சொன்னார். முன்னே சொன்னதைவிட மெதுவாகச் சொன்னார். "சோறு பொங்குது" என்கிற இடத்தில் அவருக்கே குரல் உடைந்தது. சரோஜா தேம்பித் தேம்பி அழுதாள். நானும்தான், யாரிடம் சொல்ல!

வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டாள், "அன்னிக்கி அப்படி ஒரு சீனே இல்லன்னீங்களே?"

"தூங்கிட்டேன் சரோஜா."

"அதான் நான் அப்பவே சொன்னேன்" என்றாள். ஆனால் முந்தானையில் முடிந்து வைத்திருந்த வேர்க்கடலையை முழுவதும் என் கையில் கொட்டினாள்.

மறுநாள் டீக்கடையில் பொட்டிக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நன்றி கின்றி எதுவும் இல்லை. டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார், "ஏன் நைனா, அந்த ரீலு நெல்லூர்ல எப்படி இருந்துச்சி?"

"ரொம்ப நல்லா இருந்துச்சிண்ணா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். சந்தோஷம் முகத்தில் தெரியாமல் இருக்க வெற்றிலையைத் திணித்துக்கொண்டார்.

கொட்டகையும் போய்விட்டது, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதெல்லாம் டிவியில் ஏதாவது ரீமேக் ஓடினால் சரோஜா சத்தத்தைக் குறைத்துவிட்டு, "ஒரிஜினல்ல இந்த எடம் எப்படி?" என்று கேட்கிறாள். நானும் எதையாவது கட்டிச் சொல்கிறேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது. ஆனா அவரு சொல்ற மேரி இல்ல" என்கிறாள்.

இந்த வயசிலும் எனக்குச் சுருக்கென்று எரிகிறது. எரிந்து என்ன, எனக்கும் அதை அவர் வாயால் கேட்டால் தேவலை என்றுதான் இருக்கிறது.